மட்சுவேயில் மூன்று வருடம்: ஜப்பானுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மேற்கு ஜப்பானில் ஷிமானே மாநிலத்தின் தலைநகர் மட்சுவே. அங்கே மூன்று வருடம் பரிமாற்ற ஆசிரியையாக இருந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியிருக்கிறேன். வந்த நாளிலிருந்து விண்ணப்பிக்க நினைப்பவர்கள், தேர்வாகிவிட்டுப் பயப்படுபவர்கள், மகளை அனுப்பலாமா என்று யோசிக்கும் அப்பாக்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, இந்த ஜெட் ஜெட்னு சொல்றாங்களே, அது என்ன? நிஜமாவே டீச்சர் வேலையா?

ஜப்பான் அரசு 1987-ல் தொடங்கிய பரிமாற்றத் திட்டம் அது. வெளிநாட்டுப் பட்டதாரிகளை வரவழைத்து ஊர் ஊராகப் பள்ளிகளுக்கும் நகராட்சி அலுவலகங்களுக்கும் அனுப்புகிறார்கள். மிகப் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது ஏ.எல்.டி. என்ற துணை மொழி ஆசிரியர் வேலை. ஜப்பானிய ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுப்பீர்கள். பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் பொறுப்பு அவர். பிள்ளைகள் ஆங்கிலத்தை ஒரு மனிதரோடு பேசிப் பழகுவதற்காக நீங்கள் இருக்கிறீர்கள்.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. இரு தரப்புக்கும் சம்மதம் என்றால் ஐந்து வருடம் வரை நீட்டிக்கலாம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மிகக் குறைவு, டெல்லியிலுள்ள ஜப்பான் தூதரகம் வழியாகத்தான் தேர்வு. இலையுதிர் காலத்தில் விண்ணப்பம், புத்தாண்டுக்குப் பிறகு நேர்காணல், கோடையில் விமானம்.

சம்பளம் மிச்சம் பிடிக்கிற மாதிரி இருக்குமா?

2025 ஏப்ரலில் கூட்டினார்கள். முதல் வருடத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் யென், அதற்கு முன் பல வருடமாக 33.6 லட்சமாக இருந்தது. இதில் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடிப்பார்கள். சின்ன ஊரில் வாடகை குறைவு என்பதால் என்னால் ஒழுங்காக மிச்சம் பிடிக்க முடிந்தது. ஆனால் போன முதல் மாதம் சம்பளம் வருவதற்குள் வாடகை முன்பணம், போர்வை, அடுப்பு, போன் என்று பணம் தண்ணீராக ஓடும். கையில் கொஞ்சம் கொண்டுபோங்கள்.

பிடித்த ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை நாட்டை விட்டு வந்த பிறகு இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். கிளம்பும் முன்பே படிவத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஊரை நாமளே எடுத்துக்கலாமா? எனக்கு டோக்கியோதான் வேணும்.

விருப்பம் எழுதலாம், அப்படியே கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். இந்தத் திட்டத்தில் பலருக்கு விழுவது கிராமங்களும் சிறு நகரங்களும்தான். நான் எழுதிக் கொடுத்த மூன்று ஊரில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஷிமானே என்று கடிதம் வந்தபோது வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன். 2020 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்குமே சுமார் 6.7 லட்சம் பேர். பக்கத்திலுள்ள டொட்டோரியோடு இதைக் குழப்பிக்கொள்ளும் ஜப்பானியர்களே நிறைய.

இப்போது என்னைக் கேட்டால் அந்தக் கடிதம் என் வாழ்க்கையில் வந்த நல்ல கடிதங்களில் ஒன்று என்பேன். பெரிய நகரத்தில் நீங்கள் இன்னொரு வெளிநாட்டுக்காரர். இங்கே காய்கறிக் கடைப் பாட்டிக்கும் தபால்காரருக்கும் இரண்டே வாரத்தில் நீங்கள் 'சென்செய்', அதாவது டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கடையில் முட்டைகோஸ் பொறுக்கும்போது மூன்றாம் வகுப்புப் பையன் ஓடிவந்து 'ஹலோ!' என்று கத்துவான், அவன் அம்மா குனிந்து வணங்குவார், அப்புறம் அவர்கள் வீட்டுத் தோட்டத்து முள்ளங்கி உங்கள் வாசலில் இருக்கும்.

ஜப்பான் மொழி ஒண்ணுமே தெரியாம போகலாமா?

துணை ஆசிரியர் வேலைக்கு மொழித் தேர்வு எதுவும் கேட்பதில்லை, போகலாம். ஆனால் ஹிராகானா, காதகானா என்ற இரண்டு எழுத்துவரிசைகளையும் இங்கேயே கற்றுக்கொண்டு போங்கள், தினம் ஒரு மணி நேரம் வைத்தால் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். காதகானா தெரிந்தால் கடையிலிருக்கும் பாதிப் பொருளின் பெயரை வாசித்துவிடலாம், ஏனென்றால் அவை ஆங்கிலச் சொற்கள்தான்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்த மொழியில் ஒரு பெரிய வசதி உண்டு. அதைத் தனிக் கேள்வியாகவே கேட்கிறார்கள், கீழே சொல்கிறேன்.

காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்கூல்ல என்னதான் செய்வீங்க?

எட்டேகால் மணிக்கு ஆசிரியர் அறை. வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு உள்செருப்பு மாற்ற வேண்டும். எல்லா ஆசிரியர்களும் ஒரே பெரிய அறையில், மேசைகளை ஒட்டிப் போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சின்னக் கூட்டம், அன்றைய அறிவிப்புகள். நடுநிலைப் பள்ளியில் ஒரு பாடவேளை 50 நிமிடம், தொடக்கப் பள்ளியில் 45. எனக்கு ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வகுப்பு இருக்கும். வாரத்தில் சில நாள் ஒரு பள்ளி, மற்ற நாள் இன்னொன்று. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் முறையான பாடம் ஆகிவிட்டதால் தொடக்கப் பள்ளி வேலை கூடியிருக்கிறது.

நான்கேகாலுக்கு என் ஒப்பந்த நேரம் முடிந்துவிடும், மற்ற ஆசிரியர்கள் இருட்டிய பிறகும் இருப்பார்கள். நாம் மட்டும் எழுந்து போவது முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். 'ஒ-சாகினி ஷிட்சுரே ஷிமாஸ்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னியுங்கள் என்று பொருள். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் வாரத்தில் இரண்டு நாள் அப்படிப் போகாமல் மைதானத்தில் பிள்ளைகள் டென்னிஸ் பழகுவதைப் போய்ப் பார்ப்பேன். வகுப்பறையில் வாயே திறக்காத பிள்ளை அங்கேதான் பேசும்.

பசங்களே ஸ்கூலைக் கூட்டித் துடைக்கிறாங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?

உண்மை. மதிய உணவுக்குப் பிறகு சுமார் பதினைந்து நிமிடம். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள், பாட்டு நிற்கும்போது வேலையும் நிற்கும். வகுப்பறை, படிக்கட்டு, கழிவறை என்று குழு குழுவாகப் பிரித்துக்கொள்வார்கள். தலைமையாசிரியரும் துணியைப் பிழிவார், நாமும் பிழிய வேண்டும்.

இதைத் தண்டனை மாதிரியோ, ஏதோ பெரிய ஒழுக்கப் பயிற்சி மாதிரியோ நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். உள்ளே இருந்து பார்த்தால் அப்படித் தெரியாது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டே செய்வார்கள், மூலையைத் தூசியோடு விட்டும் ஓடுவார்கள். ஆனால் எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம்தான் நாளின் முக்கியமான வகுப்பு. இரண்டாம் வருடம் என்னோடு ஜன்னல் துடைத்த ஒரு பெண், பல மாதமாக ஒரு வார்த்தை பேசாதவள், வெளியே பனி விழுவதைக் காட்டி 'டீச்சர் டவுன், ஸ்நோ?' என்று கேட்டாள். இல்லை என்று போனில் குற்றால அருவிப் படத்தைக் காட்டினேன். அடுத்த வாரம் வகுப்பில் அவளாகவே கையைத் தூக்கினாள்.

நான் சைவம். மதியச் சாப்பாடு எப்படி சமாளிக்கிறது?

பள்ளிச் சாப்பாட்டுக்கு 'க்யூஷோகு' என்று பெயர். சோறோ ரொட்டியோ, ஒரு சூப், ஒரு கறி, காய், 200 மில்லி பால். வெள்ளை ஏப்ரன் கட்டிய பிள்ளைகள் பரிமாற, எல்லோரும் வகுப்பறையிலேயே சாப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குப் போவதற்கு முன் தலைமையாசிரியர் ஒரு தட்டுச் சாப்பிட்டுப் பார்ப்பார். நல்ல ஏற்பாடு.

சிக்கல் எங்கே என்றால் 'தாஷி'யில். சூப்புக்கும் வேகவைத்த காய்க்கும் அடிப்படையான சாறு அது, பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து வருகிறது. கண்ணுக்கு வெறும் கீரை, உள்ளே மீன் சாறு. 'இறைச்சி சாப்பிட மாட்டேன்' என்று சொன்னால் மீனும் தாஷியும் அதில் சேராது என்றே பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள். அதனால் 'இறைச்சி, மீன், தாஷி மூன்றும் வேண்டாம்' என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கண்டிப்பான சைவம் என்றால் முதல் வாரமே பேசி வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோகும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்த டப்பாவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தே சாப்பிடுங்கள், ஆசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் மீன் சாப்பிடுவேன், இறைச்சி கிடையாது. மாதத் தொடக்கத்தில் வரும் உணவுப் பட்டியலில் பக்கத்து மேசை ஆசிரியை எனக்காகப் பன்றியும் மாடும் வரும் நாளையெல்லாம் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டுத் தருவார். மூன்று வருடமும் கேட்காமலே செய்தார்.

நம்ம அரிசி, பருப்பு, இட்லி மாவு?

அவர்கள் அரிசி குட்டையானது, ஒட்டும். குழம்பு ஊற்றிப் பிசைந்தால் களியாகிவிடும், ஆனால் தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி நான் பார்த்ததில்லை. தொட்டுக்கொள்ள உமெபோஷி என்று உப்பில் ஊறிய ஒரு புளிப்புப் பழம் கிடைக்கும். நார்த்தங்காய் ஊறுகாய் தேடும் நாக்குக்கு அது போதும். உளுந்து, துவரம்பருப்பு, மசாலாப் பொடி எல்லாம் பெரிய நகரங்களிலுள்ள ஹலால் கடைகள் கூரியரில் அனுப்பும். வெண்டைக்காய், கத்தரி, பாகற்காய், முள்ளங்கி உள்ளூரிலேயே உண்டு. வெண்டைக்காயை அங்கே 'ஒகுரா' என்பார்கள். நாம் வதக்கிப் போக்கும் வழவழப்பை அவர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

கடைகளில் விற்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகளில் பல வகைகளில் மாட்டுக் கொழுப்பு அல்லது பன்றிக் கொழுப்பு இருக்கும், பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். இட்லி மாவு கோடையில் ஒரே இரவில் பொங்கும். குளிர்காலத்தில் நான் அதை கோட்டாட்சுக்குள் வைத்தேன். அடியில் சூடேற்றியும் மேலே மெத்தைப் போர்வையும் உள்ள குட்டை மேசை அது. குறைந்த சூட்டில் வைத்தால் காலையில் மாவு தயார்.

பசங்க வாயே திறக்க மாட்டாங்களாமே? நாம டேப் ரிக்கார்டர் மாதிரி வாசிச்சிட்டு வர்றதுதான் வேலைன்னு கேள்விப்பட்டேன்.

இரண்டுமே நடக்கும். எனக்கு முதல் பருவத்தில் ஒரு பள்ளியில் பாடப் புத்தகத்தை உரக்க வாசிப்பது மட்டுமே வேலையாக இருந்தது. கோபம் வந்தது. அப்புறம் புரிந்தது, அந்த ஆசிரியருக்கு என்னோடு உட்கார்ந்து திட்டமிட நேரமே இல்லை. வகுப்பு, டென்னிஸ் பயிற்சி, பெற்றோர் தொலைபேசி என்று மூச்சுவிட முடியாத மனிதர் அவர். நான் 'என்ன செய்யட்டும்' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அடுத்த பாடத்துக்கு ஐந்து நிமிட விளையாட்டு ஒன்றை ஒரே தாளில் எழுதி முதல் நாளே அவர் மேசையில் வைக்க ஆரம்பித்தேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விடலாம். ஒரு மாதத்தில் ஐந்து நிமிடம் பதினைந்தானது, அடுத்த பருவத்தில் பாதி வகுப்பு என் கையில் இருந்தது. சண்டை போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

பிள்ளைகள் பேசாததற்குக் காரணம் தெரியாமை மட்டும் இல்லை, எல்லோர் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். அதனால் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு ஒரு நிமிடம் பேச விடுங்கள், பிறகு நான்கு பேராக, அதற்குப் பிறகுதான் வகுப்பு முழுவதும். நம்மைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் ஆர்வத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தியர்களுக்கு 19 வரை வாய்ப்பாடு மனப்பாடம் என்று ஜப்பானில் பரவலான நம்பிக்கை உண்டு, முதல் வகுப்பிலேயே கேட்பார்கள். அதையே ஆங்கில எண் விளையாட்டாக மாற்றினேன், பதினேழாம் வாய்ப்பாட்டை நான் ஆங்கிலத்தில் சொல்ல அவர்கள் சரிபார்ப்பார்கள். கத்தல் அடுத்த வகுப்பறை வரை கேட்கும்.

குப்பை போடறதுக்கே ஒரு படிப்பு படிக்கணும்னு சொல்றாங்களே?

பழகும் வரைதான். எரியும் குப்பை, எரியாதது, பெட் பாட்டில், பிளாஸ்டிக், காகிதம் எல்லாம் தனித்தனி நாள், நகராட்சி குறிப்பிட்ட பையில், காலையில் வண்டி வருவதற்கு முன், காகம் கிளறாமல் வலையை மூடி வைக்க வேண்டும். தப்பாகப் போட்டால் ஒரு ஒட்டுச் சீட்டோடு பை அங்கேயே இருக்கும். ஒரு முறை என் பை அப்படி நின்றது. பக்கத்து வீட்டுத் தாத்தா கதவைத் தட்டி, பாட்டிலின் மூடி, மேலே சுற்றிய தாள், பாட்டில் மூன்றையும் பிரித்துக் காட்டிவிட்டுப் போனார். திட்டவில்லை. இந்தக் கேள்விக்கு என் பதில் அந்தத் தாத்தாதான்: போன முதல் வாரமே ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்து வீட்டையும் பார்த்து வணக்கம் சொல்லுங்கள்.

குளிர் தாங்குமா? நாங்க ஊட்டிக்கே ஸ்வெட்டர் போடறவங்க.

ஜனவரியில் சராசரி நான்கைந்து டிகிரி. எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது, ஆனால் வீட்டுக்குள்ளும் அதே குளிர்தான். வீடு முழுவதும் சூடாக்கும் ஏற்பாடு அங்கே வழக்கமில்லை. இருக்கும் அறையை மட்டும் மண்ணெண்ணெய் ஹீட்டராலோ ஏ.சி.யாலோ சூடாக்குவார்கள். கழிவறைக்குப் போவதற்கு மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் ஹீட்டர் என்றால் மணிக்கு ஒரு தடவையாவது ஜன்னலைத் திறந்து காற்று மாற்றுங்கள், அதை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. நச்சுப்புகை ஆளைக் கொல்லும்.

குளிரைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது வெயில் இல்லாததுதான். ஜப்பான் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். 'சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று அந்தப் பக்கத்துப் பழமொழி. காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, மதியம் ஆலங்கட்டி, சாயங்காலம் பனி, எல்லாம் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

வண்டி ஓட்டலாமா? நம்ம லைசென்ஸ் செல்லுமா?

ஜப்பானும் இடப்பக்கம்தான். இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். வருடம் முடியும்போது ஊருக்கு வந்து புதிதாக ஒன்று வாங்கிவிட்டு இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். செல்லாது. மூன்று மாதமாவது ஜப்பானுக்கு வெளியே இருந்தால்தான் மறுபடி கணக்கு தொடங்கும்.

அதன் பிறகு ஜப்பானிய உரிமமாக மாற்ற வேண்டும். இந்திய உரிமத்துக்குத் தேர்வு விலக்கு இல்லை, எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வு 10 கேள்வியிலிருந்து 50 ஆகிவிட்டது. உரிமம் வாங்கிய பிறகு இந்தியாவில் மூன்று மாதம் இருந்ததற்கும் ஆதாரம் கேட்பார்கள், அதனால் தேர்வானதும் அவசரமாக உரிமம் எடுத்துக்கொண்டு ஓடுவதில் பலன் இல்லை. நான் சைக்கிளிலேயே மூன்று வருடத்தை ஓட்டினேன். மட்சுவே நகரத்துக்குள் அது போதும், மலைக் கிராமம் என்றால் போதாது.

ஆன்சென்ல துணியில்லாம குளிக்கணுமாமே?

ஆமாம், ஆன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலில் அப்படித்தான். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. தொட்டியில் இறங்குவதற்கு முன் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட வேண்டும், சின்னத் துண்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது, நீண்ட தலைமுடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

கூச்சம் இருந்தால் காலிலிருந்து தொடங்குங்கள். மட்சுவேயின் தெற்கில் தமாட்சுகுரி என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. இசுமோ என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர். 733-ல் எழுதி முடித்த இசுமோ நாட்டுக் குறிப்பிலேயே, ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையும் கூடிக் குளிக்கும் இடம் என்று அது வருகிறது. ஆற்றங்கரையில் காலை மட்டும் நனைக்க இலவசத் தொட்டிகள் உண்டு. நான் ஆறு மாதம் காலோடு நிறுத்திக்கொண்டேன். முதல் பனிக்குப் பிறகு முழுசாக இறங்கிவிட்டேன். குற்றாலத்தில் கூட்டத்தோடு நின்று குளித்து வளர்ந்தவளுக்கு, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே தண்ணீரில் இருப்பது அதிகம் அன்னியமாக இல்லை.

அந்தச் சின்ன ஊர்ல லீவு நாள்ல பார்க்க என்ன இருக்கு? போரடிக்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நேரம் போதாது. 1611-ல் கட்டி முடித்த மரக் கோட்டை இன்றும் நிற்கிறது, 2015-ல் அதைத் தேசியச் செல்வமாக அறிவித்தார்கள். சுற்றியுள்ள அகழியில் படகு போகும். தாழ்வான பாலம் வரும்போது படகின் கூரை இறங்கும், எல்லோரும் குனிய வேண்டும். குளிர்காலத்தில் படகுக்குள்ளேயே கோட்டாட்சு போட்டிருப்பார்கள்.

அகழியின் வடகரையில் ஒரு பழைய சாமுராய் வீடு. கிரேக்கத்தில் பிறந்த லஃப்காடியோ ஹெர்ன் அதில் குடியிருந்தார். 1890 ஆகஸ்டில் ஆங்கில ஆசிரியராக மட்சுவேக்கு வந்தவர், உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு கொய்சுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார். இருந்தது பதினைந்து மாதம்தான், 1891 நவம்பரில் தெற்கே குமமோட்டோவுக்குப் போய்விட்டார். குளிரும் ஒரு காரணம் என்பார்கள். குளிரைப் பற்றிய பதிலைப் படித்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. அந்தத் தோட்டத்துத் திண்ணையில் உட்கார்ந்து, எனக்கு 130 வருடத்துக்கு முன்னால் இதே வேலைக்கு வந்த ஒருவர் இதே தவளைச் சத்தத்தைக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். மனம் சரியில்லாத நாளில் நான் போன இடம் அது.

இசுமோ கோயிலுக்கு இச்சிபாத்தா என்ற சின்ன ரயிலில் போங்கள், ஷிஞ்சி ஏரியின் கரையோடு ஒரு மணி நேரம். கூடுதல் கட்டணம் கொடுத்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். நடுவில் இச்சிபாத்தாகுச்சி நிலையத்தில் ரயில் நின்று, வந்த பக்கமாகவே திரும்பிப் போகும். தப்பான ரயிலோ என்று பயந்து இறங்கிவிடாதீர்கள். ஜப்பானில் இந்த வகைக் கோயில்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு தடவை கைதட்டி வணங்குவார்கள், இசுமோவில் நான்கு. பழைய சந்திரக் கணக்கின் பத்தாம் மாதத்தில் நாட்டிலுள்ள கடவுள்கள் எல்லாம் இங்கே கூடுவதாக நம்பிக்கை, அதனால் மற்ற ஊர்களில் அது கடவுள் இல்லாத மாதம், இங்கே மட்டும் கடவுள் இருக்கும் மாதம். இனாசா கடற்கரையில் இரவில் தீ மூட்டி அவர்களை வரவேற்பதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கொடை ஞாபகம் வந்துவிட்டது.

அப்புறம் தேநீர். மட்சுதைரா ஃபுமாய் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபு தேநீர்க் கலையில் பெயர் பெற்றவர், அவரால் இந்த ஊரில் சாதாரண வீட்டிலும் மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியைக் கலக்கிக் குடிப்பார்கள். சடங்கு கிடங்கு இல்லை, நாம் பதினொரு மணிக்குக் காபி போடுகிற மாதிரி. சிஜிமி என்ற சின்னச் சிப்பிச் சூப், மூன்றடுக்கு வட்டப் பெட்டியில் வரும் இசுமோ சோபா என்ற நூடுல்ஸ், ரோஜாப்பூப் போலச் சுருட்டிய ரொட்டி எல்லாம் நீங்களே கண்டுபிடியுங்கள். நன்றி சொல்வதற்கு அங்கத்திய வயதானவர்கள் 'அரிகாதோ' என்று சொல்லாமல் 'தந்தன்' என்பார்கள். காய்கறிக் கடையில் நான் முதல்முறை அதைச் சொன்னபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம்னு சொல்றாங்களே, நிஜமா?

ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர் பல வருடம் அப்படி வாதிட்டார், ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வகுப்பிலோ மேடையிலோ அதை நிரூபணமான உண்மை போலச் சொல்லிவிடாதீர்கள். தமிழ்ப் பெருமையை அப்படிக் காட்ட வேண்டிய தேவை இல்லை.

குடும்பம் வேறானாலும் கட்டமைப்பு நெருக்கமாக இருக்கிறது. கற்பவருக்கு அதுதான் வேண்டும். 'பள்ளி-க்குப் போகிறேன்' என்பது 'கக்கோ-நி இகிமாஸ்'. வேற்றுமை உருபு பின்னால், வினைச்சொல் கடைசியில். ஆங்கில வழியாகப் படிக்காதீர்கள், நேராகத் தமிழிலிருந்து மாற்றுங்கள். இன்னொன்று: கொரே, சொரே, அரே, தொரே என்று நான்கு சுட்டு உண்டு, எதிரில் இருப்பவர் பக்கத்திலுள்ள பொருளுக்கு 'சொரே'. தமிழ்நாட்டில் நாம் இது, அது, எது என்று மூன்றோடு நின்றுவிட்டோம், யாழ்ப்பாணத்தில் இன்றும் 'உது' இருக்கிறது. இலங்கைத் தோழி ஒருத்தி இதை நொடியில் பிடித்துக்கொண்டாள், எனக்கு ஒரு மாதம் ஆனது.

தனியா இருக்கப் பயமா இல்லையா? பொண்ணை அனுப்பலாமாம்மா?

இரவு எட்டு மணிக்குத் தனியாகச் சைக்கிளில் வருவேன், பயம் தோன்றியதில்லை. உடம்புக்கு ஆபத்து என்று யோசித்தால் மழை வெள்ளம், நிலநடுக்கம் பற்றித்தான் யோசிக்க வேண்டும். நகராட்சி தரும் வரைபடத்தில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தஞ்சமடையும் இடத்தைப் பார்த்து வையுங்கள். ஷிமானே அணுமின் நிலையம் மட்சுவே நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, அதற்கான ஒத்திகைகளையும் தவறவிடாதீர்கள். சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரம் என்று நினைவூட்டும், ஆபத்துக் காலத்தில் அறிவிக்கும் கருவி வேலை செய்கிறதா என்றும் தினமும் சோதித்தது போலாகும்.

தனிமை வேறு விஷயம், அது உண்டு. தீபாவளியன்று வழக்கமான வேலைநாள், நான்கு வகுப்பு எடுத்துவிட்டு வந்து இருட்டில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வருடம் முதல் நாள் இரவே ரவை லட்டு பிடித்து ஆசிரியர் அறையில் எல்லோர் மேசையிலும் ஒன்று வைத்தேன். விடுமுறையில் ஊருக்குப் போய்வந்தால் சின்னத் தின்பண்டம் கொண்டுவந்து மேசை மேசையாக வைப்பது அவர்கள் வழக்கம்தான், அதனால் யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை. மாலையில் மூன்று ஆசிரியைகள் வீட்டுக்கே வந்தார்கள். நம் பண்டிகையை அவர்கள் வழக்கத்துக்குள் வைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்டாஃப் பார்ட்டியில குடிச்சே ஆகணுமா?

வேண்டாம். ஊலாங் டீ கேளுங்கள், யாரும் வற்புறுத்தவில்லை. பணம் மட்டும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வரும். ஆனால் போகாமல் இருக்காதீர்கள், வருடம் முழுக்கத் தலையாட்டிவிட்டுப் போகும் கணித ஆசிரியர் அன்றைக்குத்தான் ரஜினி படம் பார்த்த கதையைச் சொல்வார்.

மார்ச்ல எல்லாரும் அழுவாங்கன்னு ஒரு பதிவுல படிச்சேன், ஏன்?

ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச் கடைசியில் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் இடமாற்றப் பட்டியல் வரும். நேற்று வரை எதிர் மேசையில் இருந்தவர் பத்து நாளில் இரண்டு மணி நேரம் தள்ளியுள்ள ஊருக்குப் போய்விடுவார். நமக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மேலே சொன்னேனே, ஒரு தாளில் விளையாட்டு எழுதி வைத்து யாருடைய நம்பிக்கையை நான் சம்பாதித்தேனோ அந்த ஆசிரியர், என் இரண்டாம் வருட முடிவில் அப்படிப் போனார். சிவப்புப் பேனா ஆசிரியை மட்டும் கடைசி வரை இருந்தார், அது என் அதிர்ஷ்டம்.

இன்னொரு வருஷம் நீட்டிக்கறதா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது? நீங்க ஏன் வந்தீங்க?

குளிர்காலத்தின் நடுவில், சாம்பல் வானத்தின் கீழே இருக்கும்போதுதான் கேட்பார்கள், அந்த மனநிலையில் பதில் எழுதாதீர்கள். படிவம் வருவதற்கு முன், நவம்பரிலேயே, இலைகள் சிவந்திருக்கும்போது யோசித்து வையுங்கள். முதல் வருடம் முழுக்கவும் கற்றுக்கொள்வதிலேயே போய்விடும், என் அபிப்பிராயத்தில் இரண்டாம் வருடம்தான் பிள்ளைகளுக்கு நாம் பயன்படுகிறோம். முடிந்தால் இரண்டாவது இருங்கள்.

நான் மூன்றோடு வந்தது அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக. எனக்குப் பின் வந்தது வேறொரு நாட்டுப் பெண், அவளும் இறைச்சி சாப்பிடாதவள். கோட்டாட்சு, மண்ணெண்ணெய் ஹீட்டர், சைக்கிள், இரண்டு குடை, இட்லித் தட்டு எல்லாவற்றையும் அவளுக்கு விட்டுவிட்டு வந்தேன். சிவப்பு வட்டமிட்ட கடைசி மாதப் பட்டியலையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன், பக்கத்து மேசையில் யாரைக் கேட்க வேண்டும் என்று அதன் அடியில் எழுதி.